பாதியில் நிற்கும் கணினி: பரிசோதிக்கும் முறையும் பாதுகாக்கும் முறையும்

கிணற்றில் நீர் இருந்தும் குழாயில் தண்ணீர் வரவில்லையானால், நமது விவசாயி உடனே மோட்டாரைக் கழற்றி எறிந்துவிடுவதில்லை. மூன்று பேஸிலும் மின்சாரம் வருகிறதா, ஸ்டார்ட்டர் பிடிக்கிறதா, புட்வால்வு நீரைத் தாங்குகிறதா, குழாயின் இணைப்பில் காற்று இழுக்கிறதா என்று ஒன்றன்பின் ஒன்றாகப் பார்க்கிறார். பழுது எந்த இடத்தில் என்று தெரிந்த பின்னரே கையில் ஸ்பானரை எடுக்கிறார். இந்த நல்ல வழக்கத்தை நாம் கணினியிடமும் கைக்கொள்ள வேண்டும் என்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

இன்று கணினி கிராமத்திற்குப் புதியதன்று. பஞ்சாயத்து அலுவலகத்தில் அது இருக்கிறது. தமிழ்நாடு அரசு 2011-ஆம் ஆண்டில் தொடங்கிய திட்டத்தின்கீழ் மாணவ மாணவியர் பெற்ற மடிக்கணினிகள் பல வீடுகளில் இருக்கின்றன. இவற்றுள் ஏதேனும் ஒன்று ஒருநாள் காலையில் பொத்தானை அழுத்தியும் முழுமையாக எழும்பாமல் பாதியில் நின்றுவிடுகிறது. வீட்டார் கலங்குகின்றனர். பழுது பார்ப்பவரிடம் கொண்டு போகின்றனர். அவர், "ஃபார்மட் போட்டால் சரியாகிவிடும்" என்கிறார். மாலைக்குள் கணினி புதியதுபோல் ஓடுகிறது. ஆனால் மகளின் சான்றிதழ் நகல்களும், குடும்பத்தின் புகைப்படங்களும், பஞ்சாயத்தின் கடிதங்களும் பட்டியல்களும் அதிலிருந்து மறைந்து போயிருக்கின்றன.

யந்திரம் பழுதானால் வேறு வாங்கலாம். அதனுள் சேர்த்து வைத்த விவரங்களை எந்தக் கடையிலும் வாங்க முடியாது. எனவே, கணினி நின்றுவிட்டபோது நாம் கேட்க வேண்டிய கேள்விகள் இரண்டு. முதலாவது, எந்தப் படியில் நின்றது? இரண்டாவது, உள்ளே இருப்பவற்றை எப்படிக் காப்பது?

கணினி எழும்பும் படிகள்

பொத்தானை அழுத்தியது முதல் வேலைக்குத் தயாராவது வரை கணினி நான்கு படிகளைக் கடக்கிறது.

முதற்படி மின்சாரம். மேசைக் கணினியின் பெட்டிக்குள் எஸ்.எம்.பி.எஸ். என்னும் பகுதி உண்டு. சுவரிலிருந்து வரும் 230 வோல்ட் மின்சாரத்தை அது 12, 5, 3.3 வோல்ட் என்ற சிறிய அளவுகளாக மாற்றி உள்ளுறுப்புகளுக்கு அளிக்கிறது. மடிக்கணினியில் சார்ஜரும் பேட்டரியும் இதற்குத் துணை செய்கின்றன.

இரண்டாம் படி தற்சோதனை. மதர்போர்டு என்னும் தாய்ப்பலகையில் ஒரு சிறு சில்லு இருக்கிறது. அதில் பதிந்துள்ள நிரலைப் பழைய கணினிகளில் பயாஸ் என்றும், புதியவற்றில் யு.இ.எஃப்.ஐ. என்றும் கூறுவர். ராம் என்னும் நினைவகம் இருக்கிறதா, திரை இருக்கிறதா, கீபோர்டு இருக்கிறதா என்று அது பார்த்துக்கொள்ளும்.

மூன்றாம் படி வட்டைத் தேடுவது. விண்டோஸ், லினக்ஸ் போன்ற இயக்க முறைமை எந்த ஹார்டுடிஸ்கில் இருக்கிறது என்று பயாஸ் தேடிக் கண்டுபிடிக்கிறது.

நான்காம் படி இயக்க முறைமை எழும்புவது. வட்டிலிருந்து ஆயிரக்கணக்கான கோப்புகள் நினைவகத்திற்கு வருகின்றன. இறுதியில் பெயரும் கடவுச்சொல்லும் கேட்கும் பக்கம் தோன்றுகிறது.

ஒவ்வொரு படியிலும் கணினி நிற்கும் விதம் வேறு, அடையாளமும் வேறு. அவற்றைத் தனித்தனியே காண்போம்.

முதற்படி: விளக்கும் இல்லை, விசிறியும் இல்லை

பொத்தானை அழுத்தியும் உயிர்க்குறி எதுவும் இல்லையெனில், கணினியைக் குறை கூறுமுன் மின்சாரத்தைப் பார்க்க வேண்டும். அதே பிளக்கில் ஒரு மேசை விளக்கையோ செல்போன் சார்ஜரையோ செருகிப் பார்த்தால் பிளக்கின் நிலை தெரிந்துவிடும். எக்ஸ்டென்ஷன் பெட்டியையும் யு.பி.எஸ். பெட்டியையும் விலக்கி, நேராகச் சுவர்ப் பிளக்கில் செருகிப் பார்த்தல் நன்று. யு.பி.எஸ்.ஸின் பேட்டரி செத்துப்போயிருந்தால், மின்சாரம் இருக்கும்போதே கணினியை அது எழும்ப விடாமல் செய்வதுண்டு. பல மேசைக் கணினிகளில் மானிட்டருக்குச் செல்லும் மின்வயரும் பெட்டிக்குச் செல்லும் மின்வயரும் ஒரே வகையாக இருக்கும். இரண்டையும் மாற்றிச் செருகினால் வயர் பழுதா என்பது செலவின்றிப் புலனாகும். எலி கடித்த வயராக இருந்தால் ஒட்டுப்போட வேண்டாம், மாற்றிவிட வேண்டும்.

மடிக்கணினியாயின், சார்ஜரை எடுத்துவிட்டு, பேட்டரி கழற்றத்தக்கதாக இருந்தால் அதையும் கழற்றி, பொத்தானை 30 விநாடி அழுத்திப் பிடிக்க வேண்டும். உள்ளே தேங்கிய மின்னூட்டம் வடிந்துவிடும். பின்னர் சார்ஜரை மட்டும் இணைத்துத் தொடங்கிப் பார்க்கலாம். பேட்டரி உப்பியிருந்தால் அதை அழுத்தவோ, குத்தவோ, மீண்டும் சார்ஜ் செய்யவோ கூடாது. தீப்பற்றும் அபாயம் உண்டு.

இங்கே ஒரு எச்சரிக்கை அவசியம். எஸ்.எம்.பி.எஸ். பெட்டியின் மூடியை யாரும் திறத்தலாகாது. மின்சாரத்தைத் துண்டித்த பின்னும் அதனுள் உயிருக்கு ஆபத்தான மின்னழுத்தம் தங்கியிருக்கக்கூடும். அது பழுதானால் மாற்றுவதே முறை.

இரண்டாம் படி: விசிறி சுழல்கிறது, திரை இருண்டிருக்கிறது

மின்சாரம் வருகிறது, விசிறியின் ஓசை கேட்கிறது, ஆனால் திரையில் ஒன்றுமில்லை. இப்போது பழுது திரையிலா, பெட்டியிலா என்று பிரித்தறிய வேண்டும். மானிட்டரில் "நோ சிக்னல்" என்ற சொல் தோன்றினால் மானிட்டருக்கு உயிர் இருக்கிறது. இணைப்பு வயரோ பெட்டியோதான் பழுது. வயரை இருபுறமும் கழற்றி இறுக்கமாகச் செருக வேண்டும். பிறகு கீபோர்டில் கேப்ஸ் லாக் பொத்தானை அழுத்திப் பார்க்கலாம். அதன் விளக்கு எரிந்து அணைந்தால் கணினி உள்ளே இயங்கிக்கொண்டிருக்கிறது. திரைதான் கண்ணை மூடியிருக்கிறது. மடிக்கணினியில் டார்ச் விளக்கைத் திரைமேல் சாய்வாக அடித்துப் பார்த்தால், மங்கலாக உருவம் தெரிவதுண்டு. அப்படித் தெரிந்தால் திரையின் பின்விளக்கே பழுது என்று கொள்ளலாம்.

திரைமீது குற்றமில்லையெனில் அடுத்து ஐயுற வேண்டியது ராம். நினைவகம் பழுதானால் பல கணினிகள் "பீப், பீப்" என்று ஒலி எழுப்பும். அவ்வொலிகளின் எண்ணிக்கைக்குப் பொருள் உண்டு. ஆனால் அப்பொருள் தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர் வேறுபடும். எனவே எத்தனை ஒலி, நீண்டதா குறுகியதா என்று தாளில் குறித்துக்கொண்டு பழுது பார்ப்பவரிடம் கூறுவது பெரிதும் உதவும்.

தூசியும் ஈரக்காற்றும் மிகுந்த இடங்களில் ராமின் பொன்னிற முனைகளில் அழுக்குப் படிந்து தொடர்பு அறுந்துவிடுவது அடிக்கடி நிகழ்வது. பழகிய கை உள்ளவர் இதைத் தாமே சரிசெய்யலாம். மின்வயரை முற்றிலும் பிடுங்கிவிட வேண்டும். பெட்டியின் வெற்று உலோகப் பகுதியைத் தொட்டு உடலிலுள்ள நிலைமின்னை நீக்க வேண்டும். இருபுறக் கொக்கிகளை விலக்கி ராமை எடுத்து, அதன் முனைகளைப் பென்சில் அழிக்கும் ரப்பரால் மெதுவாகத் துடைத்து, துகள்களை அகற்றி, "டக்" என்று பொருந்தும்வரை மீண்டும் செருக வேண்டும். இரண்டு ராம்கள் இருந்தால் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தால் பழுதானது எது என்று தெரிந்துவிடும்.

தொடங்கிச் சில நிமிடங்களில் தானே அணைந்துவிடும் கணினி பெரும்பாலும் சூட்டினால் வருந்துவதாகும். விசிறியும் அதன் அடியிலுள்ள உலோகத் தகடுகளும் தூசியால் அடைபட்டிருக்கும். மென்மையான தூரிகையால் துடைத்தாலே பல வேளை போதும்.

மூன்றாம் படி: எழுத்துத் தெரிகிறது, வட்டைக் காணவில்லை

கருந்திரையில் "நோ பூட்டபிள் டிவைஸ்" அல்லது அதையொத்த ஆங்கில வாசகம் தோன்றினால், கணினி வட்டைத் தேடிக் காணாமல் நிற்கிறது என்று பொருள். அஞ்ச வேண்டாம். முதலில் பென்டிரைவ் ஏதேனும் செருகியபடியே இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கணினி அதை வட்டென்று எண்ணி அதில் விண்டோஸைத் தேடிக்கொண்டிருக்கலாம். பிரிண்டர் முதலிய பிற கருவிகளையும் விலக்கிவிட்டுத் தொடங்கிப் பார்த்தல் நலம்.

அடுத்துத் தேதியைக் கவனிக்க வேண்டும். கணினி பல ஆண்டுகள் பின்னோக்கிய தேதியைக் காட்டினால் தாய்ப்பலகையிலுள்ள காசு வடிவ பேட்டரி தீர்ந்துவிட்டது எனலாம். மேசைக் கணினிகளில் பெரும்பாலும் இருப்பது சி.ஆர். 2032 என்ற 3 வோல்ட் பேட்டரி. கடிகாரக் கடையிலும் சொற்ப விலைக்குக் கிடைக்கும். அது தீர்ந்தால் பயாஸின் குறிப்புகள் மறந்து போகும். எந்த வட்டிலிருந்து தொடங்குவது என்பதும் மாறிப்போகலாம். பேட்டரியை மாற்றி, பயாஸ் பக்கத்தில் தேதியையும் வட்டின் வரிசையையும் சரிசெய்தால் கணினி எழும்பும். வட்டுக்குச் செல்லும் வயர் தளர்ந்திருந்தாலும் இதே நிலைதான். அழுத்திச் செருகினால் தீரும்.

ஆனால் ஹார்டுடிஸ்கிலிருந்து "டிக், டிக்" என்றோ உராய்வது போன்றோ ஓசை வந்தால் உடனே கணினியை அணைத்துவிட வேண்டும். அதனுள் பளபளப்பான தட்டுகள் நிமிடத்திற்கு 5,400 அல்லது 7,200 முறை சுழல்கின்றன. படிக்கும் முனை அவற்றின்மேல், மயிரிழையின் தடிமனைவிட மிகக் குறைந்த இடைவெளியில் மிதந்து செல்கிறது. முனை பழுதான பின் மீண்டும் மீண்டும் தொடங்கிப் பார்ப்பது, உடைந்த கலப்பையை நிலத்தில் இழுப்பது போலாகும். ஒவ்வொரு முயற்சியிலும் மேலும் விவரங்கள் அழியலாம். அவை இன்றியமையாதவையாயின் விவர மீட்பில் தேர்ந்தவரிடமே கொடுக்க வேண்டும்.

நான்காம் படி: விண்டோஸ் தொடங்கி முடியவில்லை

சின்னம் தோன்றுகிறது, புள்ளிகள் வட்டமிடுகின்றன, ஆனால் முடிவில்லை. அல்லது நீலத்திரை தோன்றி மீண்டும் மீண்டும் முதலிலிருந்து தொடங்குகிறது. இந்நிலையில் பெரும்பாலும் யந்திரம் நலமாகவே இருக்கும். இயக்க முறைமையின் கோப்பு ஒன்று கெட்டிருக்கும்.

முதலில் வேண்டியது பொறுமை. புதுப்பிப்பு நடைபெறுகிறது, அணைக்க வேண்டாம் என்று திரையில் எழுத்து இருந்தால் காத்திருக்க வேண்டும். பழைய கணினியில் அது ஒருமணி நேரத்திற்கு மேலும் ஆகலாம். வட்டின் சிறு விளக்கு மினுங்கிக்கொண்டிருக்கும்வரை உள்ளே வேலை நடக்கிறது என்று கொள்ளலாம். அவசரப்பட்டு அணைத்தால், இருந்த சிறு பழுது பெரும் பழுதாகிவிடும்.

நெடுநேரம் அசைவே இல்லையெனில், பொத்தானைப் பத்து விநாடி அழுத்திப் பிடித்து அணைத்துத் தொடங்க வேண்டும். தொடக்கம் இரண்டு மூன்று முறை தடைப்பட்டால் இன்றைய விண்டோஸ் தானே பழுதுபார்க்கும் பக்கத்தைக் காட்டும். அதில் "ட்ரபிள்ஷூட்", பின்னர் "அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்" என்று சென்றால் சில பரிகாரங்கள் கிடைக்கும்.

"ஸ்டார்ட்அப் ரிப்பேர்" என்பது தொடக்கக் கோப்புகளைத் தானே சரிசெய்ய முயலும். "அன்இன்ஸ்டால் அப்டேட்ஸ்" என்பது அண்மையில் வந்த புதுப்பிப்பை நீக்கும். "சிஸ்டம் ரெஸ்டோர்" என்பது முன்பு குறித்து வைத்த நல்ல நிலைக்கு முறைமையைத் திருப்பும். இம்மூன்றும் நம் சொந்தக் கோப்புகளை அழிப்பதில்லை. "ஸ்டார்ட்அப் செட்டிங்ஸ்" வழியே 4 என்ற எண்ணை அழுத்தினால் கணினி சேஃப் மோட் என்னும் எளிய நிலையில் எழும்பும். அங்கு அவசியமான நிரல்கள் மட்டுமே ஓடும். அந்நிலையில் எழும்பினால், அண்மையில் நாம் புதிதாகச் சேர்த்த ஏதோ ஒரு நிரலே குற்றவாளி என்று ஊகித்து அதை நீக்கலாம்.

அதே பக்கத்தில் "ரீசெட் திஸ் பிசி" என்பதும் உண்டு. அதில் "ரிமூவ் எவ்ரிதிங்" என்பதைத் தேர்ந்தால் எல்லாம் அழியும். "கீப் மை ஃபைல்ஸ்" என்பது சொந்தக் கோப்புகளை விட்டுவைத்து, நாம் நிறுவிய நிரல்களை நீக்கும். இரண்டில் எதைத் தொடுவதாயினும் முன்னதாக நகல் எடுத்தே தீர வேண்டும்.

2024-ஆம் ஆண்டு அளித்த பாடம்

இப்படிகளை அறிவதன் பயன் யாது என்பதற்கு உலகறிந்த சான்று ஒன்று உண்டு. 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்டிரைக் என்னும் அமெரிக்கப் பாதுகாப்பு நிறுவனம் அனுப்பிய ஒரு புதுப்பிப்பில் பிழை இருந்தது. அதன் விளைவாக ஏறத்தாழ 85 இலட்சம் விண்டோஸ் கணினிகள் நீலத்திரையில் நின்றன என்று மைக்ரோசாஃப்ட் மதிப்பிட்டது. விமானங்கள் நின்றன, மருத்துவமனைகளும் வங்கிகளும் தவித்தன. நம் நாட்டிலும் சில விமான நிலையங்களில் பயணிகளுக்குக் கையால் எழுதிய சீட்டுகள் வழங்கப்பட்டன.

பிழையான புதுப்பிப்பை அந்நிறுவனம் 78 நிமிடங்களில் திரும்பப் பெற்றது. ஆயினும் அதற்குள் நின்றுபோன கணினிகள் எழும்பவே இயலாததால், திருத்தத்தைப் பெற்றுக்கொள்ளவும் பலவற்றால் முடியவில்லை. பரிகாரம் மிக எளிது: சேஃப் மோடில் எழுப்பி, கெட்ட கோப்பு ஒன்றை மட்டும் நீக்குவது. யந்திரத்தை மாற்ற வேண்டியிருக்கவில்லை. ஃபார்மட் செய்யவும் வேண்டியிருக்கவில்லை. எந்தப் படியில் நின்றது என்று அறிந்தவர்கள் ஒரு கோப்பை நீக்கித் தொடர்ந்தனர். வட்டைப் பூட்டிய சாவி எண்ணைக் குறித்து வைக்காதவர்களோ அன்று மேலும் இடர்ப்பட்டனர்.

ஃபார்மட் செய்யுமுன்

ஃபார்மட் என்பது நெற்களஞ்சியத்தில் எலி புகுந்ததென்று களஞ்சியத்தைக் காலி செய்து சுண்ணாம்பு அடிப்பதை ஒத்தது. சில வேளை அது தேவைப்படலாம். ஆனால் நெல்லை முதலில் வெளியே எடுத்து வைக்க வேண்டாமா?

கணினி எழும்பாவிட்டாலும் வட்டு நலமாக இருந்தால் கோப்புகளை எடுக்க வழிகள் உண்டு. வேறொரு கணினியின் உதவியால் லினக்ஸ் முறைமையை ஒரு பென்டிரைவில் ஏற்றி, அதிலிருந்து கணினியைத் தொடங்கலாம். வட்டில் நிறுவாமல், பென்டிரைவிலிருந்தே இயக்கிக் கோப்புகளை வேறோர் இடத்திற்கு நகலெடுக்கலாம். அரசு வழங்கிய மடிக்கணினிகள் பலவற்றில் விண்டோஸுடன், சி-டாக் நிறுவனம் சென்னையில் உருவாக்கிய பாஸ் என்னும் லினக்ஸ் முறைமையும் இடம்பெற்றிருந்தது. தொடக்கத்தில் தோன்றும் பட்டியலில் அதைத் தேர்ந்து எழுப்பினால் விண்டோஸ் நின்ற நிலையிலும் கோப்புகளை எடுக்க வாய்ப்பு உண்டு. இன்னொரு வழி, வட்டைக் கழற்றி யு.எஸ்.பி. உறையிலிட்டு வேறொரு கணினியில் இணைப்பது.

புதிய கணினி வைத்திருப்போர் அறிய வேண்டியது ஒன்று உண்டு. விண்டோஸ் 11 உள்ள பல கணினிகளில் வட்டு தானாகவே பூட்டப்பட்டிருக்கும். பழுது நேர்ந்தபோது, அல்லது பயாஸ் குறிப்புகளை மாற்றியபோது, 48 இலக்கம் கொண்ட மீட்புச் சாவியைக் கணினி கேட்கலாம். பெரும்பாலும் அது உரியவரின் மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கும். சாவி இல்லையெனில் எந்த நிபுணராலும் அக்கோப்புகளைப் படிக்க இயலாது. ஆகவே கணினி நலமாக இருக்கும் இன்றே அதைத் தாளில் எழுதி, பத்திரங்களோடு பாதுகாத்தல் வேண்டும்.

பஞ்சாயத்துகள் செய்யத்தக்கவை

2020 ஏப்ரல் 24 அன்று தொடங்கப்பெற்ற இ-கிராம்ஸ்வராஜ் தளத்தில் ஏற்றிய கணக்குகள் அலுவலகக் கணினி நின்றாலும் அழிவதில்லை. அவை வேறிடத்திலுள்ள சர்வர்களில் இருக்கின்றன. ஆனால் கிராமசபைத் தீர்மானத்தின் தட்டச்சு வரைவு, மேலதிகாரிகளுக்கு எழுதிய கடிதங்கள், பணி நடந்த இடத்தின் புகைப்படங்கள், பயனாளிகளின் பட்டியல் ஆகியவை பெரும்பாலும் அந்த ஒரு வட்டிலேயே கிடக்கின்றன. எவை எங்கே இருக்கின்றன என்று அங்கத்தினர்கள் செயலரிடம் கேட்டறிதல் நன்று.

முக்கியமான கோப்புகளுக்கு மூன்று பிரதிகள் வேண்டும். அவை இரண்டு வகைச் சாதனங்களில் இருத்தல் வேண்டும். ஒரு பிரதி வேறு கட்டடத்தில் இருத்தல் வேண்டும். வாரத்தில் ஒருநாள் நகலெடுப்பதை வழக்கமாக்கினால், எப்பழுது வந்தாலும் இழப்பு ஒரு வார வேலைக்கு மேற்படாது.

இடத்தின் ஏற்பாடும் முக்கியம். மூன்று முனைப் பிளக்கும் முறையான எர்த் இணைப்பும் இருக்க வேண்டும். மின்சாரம் திடீரெனப் போய் வரும் ஊர்களில் நல்ல யு.பி.எஸ். வேண்டும், எழுதிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் அற்றுப்போவது கோப்புகள் கெடுவதற்கு ஒரு பெருங்காரணம். இடி மின்னலின்போது வயரைப் பிடுங்கி வைப்பது சிறந்தது. 2025 அக்டோபர் 14-உடன் விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவு முடிந்துவிட்டதால், அதை வைத்திருக்கும் அலுவலகங்கள் அடுத்த ஏற்பாட்டைத் திட்டமிட வேண்டும்.

கணினியின் அருகில் ஒரு குறிப்பேடு இருக்கட்டும். பழுது நேர்ந்த நாள், திரையில் தோன்றிய வாசகம், அதற்கு முன் செய்த மாற்றம், செய்த பரிகாரம் ஆகியவற்றை அதில் எழுதுக. செல்போனில் திரையைப் படம் எடுத்து வைப்பதும் நன்று.

நினைவில் இருத்த வேண்டியவை

1. எந்தப் படியில் நின்றது என்பதை முதலில் கண்டறிக.
2. பிளக்கு, வயர், பென்டிரைவ் முதலிய வெளிப்பொருள்களைப் பார்த்த பின்னரே பெட்டியைத் திறக்க.
3. ஒரு வேளையில் ஒரே மாற்றத்தைச் செய்து பயனைப் பார்க்க.
4. வட்டில் ஓசை கேட்டால் உடனே நிறுத்துக.
5. புதுப்பிப்பு நடக்கையில் அணைக்காதிருக்க.
6. "கோப்புகளை நகலெடுத்தாயிற்றா?" என்று கேட்காமல் ஃபார்மட் செய்ய இசையாதிருக்க.

ஆறாவது விதியைப் பஞ்சாயத்து அலுவலகத்தின் கணினிமேல் எழுதி ஒட்டி வைக்கலாம். வீட்டிலுள்ள பள்ளிப் பிள்ளைகள் இப்படிகளை விரைவில் கற்றுக்கொள்வர். அவர்களுக்குச் சொல்லிக் கொடுத்தால் ஊரில் இரண்டொருவர் எப்போதும் உதவிக்கு இருப்பர். பழுது பார்க்கும் கூலியை விட்டுவிடுங்கள். ஒரு மாணவியின் விண்ணப்ப நாள் தவறாமலும், ஒரு முதியவரின் மனு தொலையாமலும் இருந்தால் அதுவே நமக்குப் போதிய பலன்.